செப்பாங்கில் ஓட்டும் ஸ்போர்ட்ஸ் காருக்கு எந்த சஸ்பென்ஷன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாரநாளில் பூச்சோங்கிலிருந்தும் ரவாங்கிலிருந்தும் வேலைக்குப் போகும் அதே காரை வார இறுதியில் மலேசியாவின் செப்பாங் பந்தயத் தடத்தில் இறக்குபவர்களுக்கான பக்கம் இது. எண்கள் பெரும்பாலும் முதல் தலைமுறை டொயோட்டா 86ஐ ஒட்டியவை: எடை சுமார் 1,250 கிலோ, பின்சக்கர இழுவை, முன்னால் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் அப்சார்பரும் ஒரே தூணாகச் சக்கரத்தைப் பிடிக்கும் அமைப்பு), பின்னால் இரட்டை விஷ்போன் (மேலும் கீழுமாக ஆர்ம்கள் சக்கரத்தைப் பிடிக்கும் அமைப்பு). மாஸ்டா எம்எக்ஸ்-5 வைத்திருப்பவர்களுக்கும் கணக்கு இதேதான், எண்கள் மட்டும் மாறும்.

முதலில் எதை மாற்ற வேண்டும்?

டயர், பிரேக் பேட், பிரேக் ஆயில். இந்த மூன்றும் சரியில்லாத காருக்கு சஸ்பென்ஷன் வாங்குவது பணத்தைக் கரைப்பது. சஸ்பென்ஷன் செய்வதெல்லாம் டயரைத் தரையில் ஒழுங்காக அழுத்தி வைப்பதுதான், டயரில் இல்லாத பிடியை அது உண்டாக்காது. 200 டிரெட்வேர் வகை டயர் (தேய்மான எண் 200, பிடி அதிகமுள்ளது) ஒரு செட் போட்டு, அலைன்மென்ட் (சக்கரக் கோணங்கள்) மட்டும் தடத்துக்கு ஏற்ப மாற்றிக்கொண்டு இரண்டு மூன்று டிராக் டே (சொந்தக் காரைத் தடத்தில் ஓட்டும் நாள்) ஓட்டிப் பாருங்கள். காரிடம் உங்களுக்கு உண்மையிலேயே என்ன குறை என்பது அப்போதுதான் தெரியும்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை. எட்டு, பத்து வயதுக் கார் என்றால் லோவர் ஆர்ம் புஷ் (ஆர்ம் காரோடு இணையும் இடத்து ரப்பர்), பால் ஜாய்ண்ட், டிராப் லிங்க் (ஸ்டெபிலைசர் பாரை இணைக்கும் சிறு தண்டு), டாப் மவுண்டிங் (அப்சார்பரின் மேல்முனைப் பிடிப்பு) நான்கையும் சோதியுங்கள். கிழிந்த புஷ்ஷோடு புது அப்சார்பர் போட்டால் பிரேக் அடிக்கும்போது டோ கோணம் (மேலிருந்து பார்க்கையில் சக்கரம் உள்ளோ வெளியோ திரும்பியிருக்கும் அளவு) தானாக மாறும், கார் ஒரு பக்கம் இழுக்கும். பழி புது அப்சார்பர்மேல் விழும்.

ஸ்பிரிங்கை மட்டும் மாற்றி காரை இறக்கினால் போதாதா?

சாலைக்குப் போதும், தடத்துக்குப் போதாது. கம்பெனி அப்சார்பர் கம்பெனி ஸ்பிரிங்கின் பலத்துக்கு ஏற்ப வால்வ் வைக்கப்பட்டது. 20 சதவீதம் வரை கடினமான ஸ்பிரிங்கை அது சமாளிக்கும். அதைத் தாண்டினால் அமுங்கிய ஸ்பிரிங் திரும்பி எழும் வேகத்தை அடக்க முடியாமல் கார் மேலும் கீழும் ஆடும். இன்னொன்று, 30 மிமீ இறக்கினால் அப்சார்பர் அமுங்க இருந்த இடத்தில் 30 மிமீ போய்விடுகிறது. வளைவின் நடுவில் பம்ப் ஸ்டாப்பில் (அப்சார்பர் முழுவதும் அமுங்கும்போது முட்டும் ரப்பர் தடுப்பு) போய் உட்காரும். அந்த நொடியில் அந்த மூலையின் ஸ்பிரிங் பலம் பல மடங்கு ஏறியதுபோல் ஆகி, டயர் வழுக்கும். ‘நன்றாகத்தான் திரும்பியது, திடீரென்று விட்டுவிட்டது’ என்ற புகாருக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்.

ஸ்பிரிங்கை வெட்டுவது பற்றியும் கேட்கிறார்கள். வேண்டாம்.

ஹை-லோ செட் (உயரத்தை மாற்றக்கூடிய ஸ்பிரிங், அப்சார்பர் தொகுப்பு) வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

நிறத்தையும் கிளிக் (அப்சார்பர் குமிழைத் திருப்பும் படி) எண்ணிக்கையையும் பார்க்காதீர்கள். நான்கு கேள்வி கேளுங்கள்.

ஒன்று, உயரத்தை மாற்றுவது எந்த வகையில்? கீழ்ப் பிராக்கெட்டையே திருகி ஏற்றி இறக்கும் வகையில் ஸ்பிரிங்கின் முன்னழுத்தமும் அப்சார்பரின் ஓட்ட நீளமும் மாறாது. ஸ்பிரிங் தட்டை மட்டும் நகர்த்தும் வகையில் இறக்க இறக்க அமுங்கும் இடம் குறையும். இரண்டு, இங்கே ரீபில்ட் செய்ய ஆள் இருக்கிறதா, சீல் கிட் கிடைக்குமா? தடத்தில் ஓடும் அப்சார்பர் என்றாவது ஒருநாள் கசியத்தான் செய்யும். மூன்று, ஸ்பிரிங் பொது அளவுதானா? 60 அல்லது 65 மிமீ உள்விட்டம் என்றால் பின்னால் வேறு பலத்தில் எளிதாக வாங்கலாம். நான்கு, அந்த அப்சார்பரின் வால்வ் எந்த ஸ்பிரிங் பலம் வரை தாங்கும்?

கோலாலம்பூர் கடைகளில் அதிகம் கேள்விப்படும் பெயர்களை எடுத்துக்கொண்டால், டெய்ன் ஃப்ளெக்ஸ் இசட் சீல் செய்த இரட்டைக் குழாய் அப்சார்பர், 16 நிலை, ரீபில்ட் கிடையாது, கெட்டால் மாற்ற வேண்டியதுதான். சாலையில் சொகுசு, வருடத்தில் இரண்டு மூன்று டிராக் டேக்குச் சரி. பிசி ரேசிங் பிஆர் ஒற்றைக் குழாய், 30 கிளிக். ஸ்பிரிங் பலத்தை ஆர்டர் செய்யும்போதே சொல்லி வாங்கலாம் என்பது அதன் பெரிய வசதி. ஓலின்ஸ் ரோட் அண்ட் டிராக்கில் ஒரே குமிழ்தான், ஆனால் மேட்டில் ஏறும்போது அது காரைத் தூக்கி எறியாது. கேடபிள்யூ வி3யில் அமுங்குவதையும் எழுவதையும் தனித்தனியாக மாற்றலாம். அந்த இரண்டு குமிழின் வேலையும் புரிந்தவருக்கு அது வரம், புரியாதவர் கெடுத்துக்கொள்ள இரண்டு வழி.

நல்ல வால்வ் உள்ள சாதாரண அப்சார்பர், மோசமான வால்வ் உள்ள 32 கிளிக் அப்சார்பரை எப்போதும் தோற்கடிக்கும். பட்ஜெட்டில் இழுபறி என்றால் ஸ்டெபிலைசர் பார் (இடது வலது சக்கரங்களை இணைத்துக் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பி), டவர் பார் (இரண்டு அப்சார்பர்களின் மேல்முனைகளை இணைக்கும் கம்பி) எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டு அந்தப் பணத்தையும் அப்சார்பரிலேயே போடுங்கள்.

எத்தனை கிலோ ஸ்பிரிங் போடுவது? ‘8 கிலோ முன்னால், 6 கிலோ பின்னால்’ என்கிறார்களே?

ஸ்பிரிங்கில் எழுதியிருக்கும் எண் (அதை ஒரு மிமீ அமுக்க எத்தனை கிலோ வேண்டும் என்பது) ஸ்பிரிங்கினுடையது, சக்கரத்தினுடையது அல்ல. சக்கரத்தில் உணரப்படும் பலத்துக்கு, ஸ்பிரிங் பலத்தை மோஷன் ரேஷியோவின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். சக்கரம் 10 மிமீ எழும்போது ஸ்பிரிங் 7.5 மிமீ மட்டும் அமுங்கினால் ரேஷியோ 0.75. ஸ்ட்ரட் வகையில் அது 0.95 அளவில் இருக்கும், விஷ்போன் வகையில் நன்றாகக் குறையும்.

ஒரு கணக்கு. முன்னால் 6 கிலோ ஸ்பிரிங், ரேஷியோ 0.95: சக்கரத்தில் 5.4 கிலோ/மிமீ. பின்னால் அதே 6 கிலோ, ரேஷியோ 0.75: சக்கரத்தில் 3.4 கிலோதான். முன் மூலை ஒவ்வொன்றும் 300 கிலோவும் பின் மூலை 260 கிலோவும் சுமந்தால், முன்பக்க அதிர்வெண் (ஸ்பிரிங்மேல் கார் நொடிக்கு எத்தனை முறை ஆட முயலும் என்பது) சுமார் 2.1 ஹெர்ட்ஸ், பின்பக்கம் 1.8 ஹெர்ட்ஸ். பின்னால் 8 கிலோ போட்டால் அதுவும் 2.1க்கு வந்துவிடும். ஆகவே இந்தக் காருக்கு ‘முன்னால் 8, பின்னால் 6’ என்பது பழைய சிவிக் காலத்துப் பழக்கத்தில் வந்த பேச்சு. முன்பக்கம் மட்டும் கல்லாகி, கார் திரும்ப மறுக்கும். உங்கள் காரின் ரேஷியோவைத் தெரிந்துகொண்டு இந்தக் கணக்கை ஒருமுறை போடுங்கள்.

சாதாரண சாலைக் கார் 1 முதல் 1.5 ஹெர்ட்ஸில் இருக்கும். சாலைக்கும் தடத்துக்கும் சேர்த்து ஓடும் கார் 1.8 முதல் 2.2 வரை. அதற்கு மேல் போனால் மெக்ஸ் நெடுஞ்சாலையின் பால இணைப்புகளில் பல் கிட்டும். தடத்திலும் லாபம் குறைவு: 200 டிரெட்வேர் டயர் ஸ்லிக் டயர் இல்லை, அவ்வளவு கடினமான ஸ்பிரிங்கை அது கேட்பதில்லை. மழை வந்தால் நிலைமை இன்னும் மோசம்.

எவ்வளவு இறக்கலாம்?

86 போன்ற காரில் 20 முதல் 25 மிமீ. அதற்குமேல் போக ஆசைப்படுகிறவர்கள் காரை நிறுத்திவிட்டு முன்பக்க லோவர் ஆர்மைப் பக்கவாட்டில் பாருங்கள். காரின் நடுவிலிருந்து சக்கரம் நோக்கி ஆர்ம் கீழே சரிந்திருக்க வேண்டும், அதிகபட்சம் தரைக்குச் சமமாக இருக்கலாம். மேல்நோக்கி ஏறியிருந்தால் அளவு தாண்டிவிட்டது. ஸ்ட்ரட் அமைப்பில் காரின் எடை மையம் இறங்குவதைவிட ரோல் சென்டர் (கார் சாயும்போது எதைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி) வேகமாக இறங்கும். அதனால் காரை இறக்கிய பிறகு அது முன்பைவிட அதிகமாகச் சாய முயலும். அதை அடக்க இன்னும் கடினமான ஸ்பிரிங், அதற்கு இன்னொரு அப்சார்பர் என்று செலவு இழுத்துக்கொண்டே போகும். ஸ்டியரிங் ராடின் கோணமும் கெட்டு, மேடு பள்ளத்தில் சக்கரம் தானாகத் திரும்பும். நீளமான பால் ஜாய்ண்ட் போட்டு இதைச் சரிசெய்யலாம், ஆனால் 10 மிமீ ஏற்றிவிட்டால் செலவே இல்லை. தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) இருக்கும் வேகத்தடைகளும் அதையேதான் சொல்கின்றன.

இடம் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க, அப்சார்பர் ராடில் சிறிய கேபிள் டை ஒன்றைத் தள்ளினால் நகரும் அளவுக்கு மட்டும் இறுக்கிக் கட்டி, கீழே உடலோடு ஒட்டித் தள்ளி வையுங்கள். ஐந்து சுற்று ஓட்டிவிட்டு வந்து பார்த்தால், ராட் எவ்வளவு உள்ளே போனதோ அவ்வளவு தூரம் அது மேலே நகர்ந்திருக்கும். பம்ப் ஸ்டாப்பில் லேசாக முட்டியிருந்தால் பரவாயில்லை. பாதி ஸ்டாப்பைத் தின்றிருந்தால் காரை ஏற்றுங்கள், இல்லை ஸ்பிரிங்கை மாற்றுங்கள்.

பிரீலோட் (ஸ்பிரிங்கின் முன்னழுத்தம்) ஏற்றினால் ஸ்பிரிங் கடினமாகும் என்கிறார்களே?

ஆகாது. நேர்விகித ஸ்பிரிங்கில் பலம் மாறுவதே இல்லை. 300 கிலோ சுமக்கும் மூலையில் 6 கிலோ/மிமீ ஸ்பிரிங் சுமார் 50 மிமீ அமுங்கித்தான் காரைத் தாங்கும். நீங்கள் முன்கூட்டியே 10 மிமீ அழுத்தி வைத்தால், கார் ஏறி உட்காரும்போது மீதி 40 மிமீ அமுங்கும், அவ்வளவுதான். சக்கரம் கீழே தொங்கும் இடம் அந்த 10 மிமீ குறைந்துபோகும். கர்பின் (தடத்தின் ஓரத்து மேடு) மறுபக்கம் இறங்கும்போது டயர் தரையைவிட்டு எழும்புவது அதனால்தான். ஸ்பிரிங் கையால் ஆட்ட முடியாத அளவு பிடித்திருந்தால் போதும், 0 முதல் 5 மிமீ.

கேம்பர், டோ எவ்வளவு?

நல்ல தொடக்கம்: முன்னால் கேம்பர் (முன்னிருந்து பார்க்கையில் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்; மைனஸ் என்றால் மேல்பக்கம் உள்நோக்கி) மைனஸ் 2.5 முதல் 3 பாகை, பின்னால் மைனஸ் 1.5 முதல் 2. முன்பக்க டோ பூஜ்யம். பின்பக்கம் இரண்டு சக்கரமும் சேர்த்து 2 மிமீ உள்நோக்கி. முன்பக்கம் 1 மிமீ வெளிநோக்கி வைத்தால் திரும்புவது கூர்மையாகும், ஆனால் நெடுஞ்சாலையில் கார் அலையும், டயரின் உள்விளிம்பு தேயும்.

செப்பாங் 5.543 கிலோமீட்டர், 15 வளைவு. கார்கள் ஓடுவது கடிகார திசையில், 10 வளைவு வலது, 5 இடது. எனவே அடி வாங்குவது இடது முன் டயர், அதிலும் வெளித்தோள். அந்த ஒரு டயரைப் பார்த்துத்தான் கேம்பரை முடிவு செய்ய வேண்டும். ஊசி வைத்த டயர் வெப்பமானியால் உள், நடு, வெளி மூன்றையும் பிட்டுக்கு வந்த உடனே அளக்கவும். உள்விளிம்பு வெளிவிளிம்பைவிட 5 முதல் 10 பாகை சூடாக இருந்தால் சரி. வெளிவிளிம்பு அதிகச் சூடு என்றால் கேம்பர் போதவில்லை. நடு மட்டும் சூடு என்றால் காற்று அதிகம். நண்பகலில் தடத்தின் மேற்பரப்பு 50 பாகையைத் தாண்டும், குளிர்ந்த நிலையில் 27 பிஎஸ்ஐ வைத்த டயர் சில சுற்றில் 33, 34க்கு ஏறிவிடும். சூடான நிலையில் 32 முதல் 34 பிஎஸ்ஐ இலக்கு வைத்து, பிட்டில் காற்றை இறக்கிக்கொள்ளுங்கள். வீடு திரும்பும்முன் மறக்காமல் நிரப்புங்கள்.

கம்பெனி ஸ்ட்ரட்டில் இவ்வளவு கேம்பர் வராது. கேம்பர் போல்ட் போட்டால் ஒன்றரை பாகை அளவு கிடைக்கும், ஆனால் அதன் தண்டு மெல்லியது. முறுக்குவிசை குறைந்தால் தடத்தில் வழுக்கி நகரும். போல்ட் தலைக்கும் பிராக்கெட்டுக்கும் குறுக்கே வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு போடுங்கள், கோடு உடைந்திருந்தால் நகர்ந்துவிட்டது என்று அர்த்தம். கேம்பர் பிளேட் உள்ள டாப் மவுண்டிங் இதைவிட நம்பகமானது, சத்தம் மட்டும் கொஞ்சம் கூடும்.

அலைன்மென்ட் கடையில் வரிசை முக்கியம்: உயரம், பிறகு கேம்பர், கடைசியில் டோ. கேம்பரைத் தொட்டால் டோ மாறும். ஓட்டுநர் இருக்கையில் உங்கள் எடைக்கு அரிசி மூட்டையோ ஆளோ இருக்கட்டும். புது ஸ்பிரிங் சில நூறு கிலோமீட்டரில் கொஞ்சம் அமுங்கும், அதன்பின் ஒருமுறை சரிபார்க்கவும்.

கிளிக்கை எப்படி அமைப்பது?

எப்போதும் முழுவதும் மூடிய நிலையிலிருந்து எண்ணுங்கள். கடிகார திசையில் மெதுவாக, முட்டியதும் நிறுத்தவும். பலமாக முறுக்கினால் உள்ளே இருக்கும் ஊசி வால்வ் சேதமாகும். ஒற்றைக் குமிழ் பெரும்பாலும் எழும் வேகத்தைத்தான் மாற்றும், கூடவே அமுங்குவதும் கொஞ்சம் மாறும்.

மென்மையிலிருந்து தொடங்குங்கள். நான்கு கிளிக் கடினமாக்கி மூன்று சுற்று. கார் அலைவது குறைந்துகொண்டே வரும். ஒரு கட்டத்தில் கர்ப் மேலே தத்தும், பிரேக் அடிக்கும்போது டயர் சிறுசிறு குதியாய்க் குதிக்கும். அங்கிருந்து இரண்டு மூன்று கிளிக் பின்வாங்குங்கள். முன்னும் பின்னும் ஒரே நேரத்தில் மாற்றாதீர்கள், எது என்ன செய்தது என்று தெரியாமல் போகும். காரோடு ஒரு சிறு நோட்டு வைத்து கிளிக், காற்று, நேரம் மூன்றையும் எழுதுங்கள். மாலை நான்கு மணிக்கு நினைவு யாருக்கும் கைகொடுக்காது.

குமிழால் எதைச் சரிசெய்யலாம், எதை முடியாது என்பதில்தான் நிறையப் பேர் நேரத்தை வீணாக்குகிறார்கள். அப்சார்பர் வேலை செய்வது எடை இடம் மாறும் அந்தச் சில நொடிகளில் மட்டும். 5, 6ஆம் வளைவுகளில் இடதிலிருந்து வலதுக்குச் சட்டென்று மாறும்போது கார் தாமதமாகத் தொடர்ந்தால் குமிழைத் தொடலாம். 7, 8 வலது வளைவுகளில் நீண்ட நேரம் ஒரே சாய்வில் இருக்கும்போது முன்பக்கம் வெளியே தள்ளினால் குமிழ் உதவாது. அது ஸ்பிரிங், ஸ்டெபிலைசர் பார், கேம்பர் சம்பந்தப்பட்டது. கடைசி 15ஆம் வளைவு தனி ரகம். 2016இல் தடம் புதுப்பிக்கப்பட்டபோது அதன் உட்புறம் உயர்த்தப்பட்டு, சாய்வு வெளிப்பக்கமாகிவிட்டது. அங்கே எல்லா காரும் வெளியே தள்ளும். அந்த ஒரு வளைவுக்காக முழு செட்டப்பை மாற்றி மற்ற 14ஐக் கெடுக்காதீர்கள்.

ஸ்டெபிலைசர் பார் எப்போது?

ஸ்பிரிங், அப்சார்பர், அலைன்மென்ட் மூன்றும் அமைந்தபிறகு, முன் பின் சமநிலையை நுணுக்கமாக மாற்ற. பாரின் பலம் விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும்: 18 மிமீக்குப் பதில் 20 மிமீ போட்டால் பார்வைக்கு 2 மிமீ, பலத்தில் 52 சதவீதம் கூடுதல். பின்சக்கர இழுவைக் காரில் முதலில் பின் பாரைத் தடிமனாக்காதீர்கள், வளைவிலிருந்து வெளியேறி ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போது உள்பக்கப் பின்சக்கரம் பிடியை இழக்கும். காரை இறக்கியபின் டிராப் லிங்க்கின் நீளத்தைச் சரிபார்க்க வேண்டும், இரண்டு பக்கமும் பொருந்தாவிட்டால் பார் முறுக்கேறிய நிலையிலேயே நிற்கும். நீளம் மாற்றக்கூடிய லிங்க் வாங்கி, கார் தரையில் நிற்கும்போது போல்ட் கையால் நுழையும் அளவுக்கு அமையுங்கள்.

புஷ்: ரப்பரா, பாலியூரித்தேனா, பில்லோ பாலா?

ரப்பர் புஷ் முறுக்கத்தை உள்ளேயே தாங்கும். பாலியூரித்தேன் தண்டின் மேல் வழுக்கிச் சுழலும், அதற்கு சிலிக்கோன் கிரீஸ் வேண்டும், காய்ந்தால் கீச்சிடும். இரண்டு திசையில் அசைய வேண்டிய ஆர்மில் பாலியூரித்தேன் போட்டால் அது பிடித்துக்கொள்ளும், சஸ்பென்ஷன் ஒட்டி ஒட்டி நகரும். பில்லோ பால் (ரப்பர் இல்லாத உலோகக் குண்டு மூட்டு) துல்லியமானது, ஆனால் இந்த ஊர் மழையிலும் சேற்றிலும் சீக்கிரம் ஆட்டம் காணும். தினசரி ஓடும் காருக்குப் புது ரப்பர் புஷ்ஷே பெரும்பாலும் போதும்.

பட்டறையில் கண்ணால் பார்த்து உறுதி செய்ய வேண்டிய ஒன்று: ரப்பர் புஷ் போல்ட்டை சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கக் கூடாது. ஜாக் வைத்துச் சக்கரத்தை கார் நிற்கும் உயரத்துக்கு ஏற்றியபின்தான் இறுக்க வேண்டும். தொங்கவிட்டு முறுக்கினால் கார் கீழே இறங்கியதுமே ரப்பர் முறுகி நிற்கும். உயரம் தப்பாகத் தெரியும், சில மாதத்தில் புஷ் கிழியும். அவசரத்தில் போர்மேன்கள் தாண்டிப்போகும் படி இது.

டவர் பார்?

கடைசியில், பணம் மிஞ்சினால்.

கார்னர் வெயிட் (ஒவ்வொரு சக்கரத்தின்மேலும் விழும் எடையை அளந்து சரிசெய்வது) அவசியமா?

ஹை-லோ போட்ட காருக்கு ஆம். நான்கு தராசு, பாதி டேங்க் பெட்ரோல், ஓட்டுநர் எடை வலப்பக்க இருக்கையில், டிராப் லிங்க் கழற்றிய நிலை. இடது முன் 330, வலது முன் 345, இடது பின் 285, வலது பின் 290 கிலோ என்றால் மொத்தம் 1,250. வலது முன்னும் இடது பின்னும் சேர்த்து 630, அதாவது 50.4 சதவீதம். 49.5க்கும் 50.5க்கும் நடுவில் இருந்தால் நல்லது. ஒரு மூலையை உயர்த்தினால் அந்த மூலையிலும் அதற்குக் குறுக்கெதிர் மூலையிலும் எடை கூடும். இதைச் செய்யாமல் கண்ணளவில் உயரத்தைச் சமமாக்கிய கார் இடது வளைவில் ஒரு மாதிரியும் வலதில் வேறு மாதிரியும் நடந்துகொள்ளும்.

என்னுடையது புரோட்டோன் சத்ரியா நியோ / ஹோண்டா சிவிக். இதெல்லாம் பொருந்துமா?

கணக்கு பொருந்தும், சமநிலை தலைகீழ். முன்சக்கர இழுவைக் காரில் பின்பக்கத்தைத்தான் கடினமாக்க வேண்டும், அதனால் முன்டயர்கள் திரும்பவும் இழுக்கவும் மூச்சு விடும். வளைவில் உள்பக்கப் பின்சக்கரம் தரையைவிட்டு எழுந்தால் பயப்பட வேண்டாம், அது சகஜம். பின்பக்க டோவை வெளிநோக்கி வைப்பது மட்டும் புதியவர்களுக்கு வேண்டாம், ஆக்ஸிலரேட்டரை விட்டதும் பின்பக்கம் சுற்றிவிடும்.

பிற்பகல் மழை வந்தால்?

செப்பாங்கில் அது ‘வந்தால்’ இல்லை, ‘எப்போது’ என்பதுதான். எல்லாக் குமிழையும் ஐந்தாறு கிளிக் மென்மையாக்குங்கள். பின் ஸ்டெபிலைசர் பாரின் ஒரு பக்க டிராப் லிங்க்கைக் கழற்றி, ஒயரால் கட்டிவிடுங்கள், 10 நிமிட வேலை. கேம்பரைத் தொட வேண்டாம்.

பழைய செட் வாங்கலாமா?

ஹாஃப்-கட் கடையில் (பாதியாக வெட்டிய பழைய கார்களின் பாகங்களை விற்கும் கடை) கிடைப்பதைக் கையில் எடுத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். ராடின் குரோம் பூச்சில் நகத்தை ஓட்டுங்கள், ஒரு புள்ளி தட்டினாலும் அது சீலை அறுக்கும். லேசான எண்ணெய்ப் படலம் சரி, வழிந்த கோடு சரியில்லை. ஒற்றைக் குழாய் அப்சார்பரை அமுக்கிவிட்டால் தானாக மெதுவாக எழ வேண்டும். எழவில்லை என்றால் உள்ளே கேஸ் இல்லை. காலர்கள் (உயரத்தை மாற்றும் மரை வளையங்கள்) கையால் சுழல்கின்றனவா என்றும் பாருங்கள். இறுகிப்போன காலரைச் சுத்தியலால் அடித்த தழும்பு இருந்தால் விலையைப் பேசவே வேண்டாம். விலையோடு ரீபில்ட் செலவையும் கூட்டிப் பார்த்தால் பல நேரம் புதிதே மலிவு.

காப்புறுதி, ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை)?

வழக்கமான மோட்டார் காப்புறுதி பந்தயத்தையும் வேகச் சோதனையையும் ஏற்காது. தடத்தில் நடக்கும் சேதம் உங்கள் பையிலிருந்துதான். சாலையில் ஓடும் காரில் செய்யும் மாற்றம் ஜேபிஜே விதிக்கு உட்பட்டது, வாங்கும்முன் கேட்டுக்கொள்ளுங்கள். கழற்றிய கம்பெனி பாகங்களைத் தூக்கிப் போடாதீர்கள். காரை விற்கும்போது புஸ்பாகோம் வாகனச் சோதனைக்கு அவை கைகொடுக்கும்.

போட்டபிறகு ‘டொக் டொக்’ சத்தம். எங்கே தேடுவது?

சிறிய மேட்டில் மெதுவாகப் போகும்போது வந்தால் முதல் சந்தேகம் டிராப் லிங்க், அடுத்தது அப்சார்பர் உச்சி நட். நின்றபடி ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ‘டங்’ என்றால் ஸ்பிரிங் தட்டில் சிக்கித் திடீரென்று விடுபடுகிறது, டாப் மவுண்டிங் பேரிங்கைப் பாருங்கள். பிரேக் அடிக்கும்போது மட்டும் ஒருமுறை தட்டினால் லோவர் ஆர்ம் புஷ், அல்லது நகரும் கேம்பர் போல்ட். எதுவும் கிடைக்கவில்லை என்றால் காலரும் லோக் நட்டும் தளர்ந்திருக்கும்.

ஒவ்வொரு டிராக் டேக்குப் பின்னும் காலர் மரையைப் பித்தளைத் தூரிகையால் தேய்த்துக் கழுவுங்கள், சேறு காய்ந்தால் அடுத்த முறை திருகாது. சக்கர நட்டை ஆறியபின் டார்க் ரெஞ்சால் பாருங்கள், 86க்கு 120 நியூட்டன் மீட்டர்.